குடியத்தில் கூட்டம், அத்திரம்பாக்கத்தில் சரித்திரம்

மலை மேல் ஏறி நின்று கீழே வேடிக்கை பார்ப்பது என்றால் நம்மவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது தொட்டபெட்டாவும் கொடைக்கானல் தூண் பாறையும்தான். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆட்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை. எல்லையைத் தாண்டினால் தடா அருவி. இன்னும் கொஞ்சம் போனால் திருமலையைச் சுற்றியுள்ள காடு, 1989இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பூங்கா. சிப்காட்டில் வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு வடக்கே பறப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் மாவட்டத்துக்கு உள்ளேயே ஒரு மலை இருக்கிறது. பூண்டி ஏரியைத் தாண்டிப் போனால் குடியம் என்று ஒரு சின்ன கிராமம். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு முள்ளும் புதருமான காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடந்தால் அல்லிக்குழி மலைக் குன்றுகளில் பெரிய பெரிய குகைகள். தேசியப் பூங்கா எல்லாம் இல்லை, காப்புக்காடு. ஊட்டி மாதிரி உயரமும் இல்லை. ஆனால் முதல் குகையின் முன்னால் போய் நின்றால் வாயடைத்துப் போகும். தலைக்கு மேலே குடை மாதிரி கவிந்த பாறை, அதில் தொங்கும் தேன்கூடுகள், ஒரு ஓரத்தில் ஊர்க்காரர்கள் கும்பிடும் அம்மன். எதிரே பச்சையாய் விரியும் புதர்க்காடு.

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் ஒரு வாக்கியம் உண்டு. "கற்கால மனுஷன் வாழ்ந்த குகை!" சொல்லிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த வாக்கியம் முழுப் பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. இந்தப் பகுதியின் உண்மையான கதை குகையில் ஆரம்பிக்கவில்லை. மலையை விட்டு இறங்கி, யாருமே போட்டோ எடுக்காத ஒரு ஓடைக்கரையில்தான் அது கிடைத்தது. அந்த ஓடைக்கரையின் பெயர் அத்திரம்பாக்கம்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1863ஆம் வருடம். அப்போது ஐரோப்பாவில் பெரிய சண்டை ஒன்று நடந்து முடிந்திருந்த நேரம். பிரான்சில் அபெவில் என்ற ஊரில் சுங்கத்துறை அதிகாரியாக இருந்த பூஷே த பெர்த் என்பவர், ஆற்றுச் சரளையில் செதுக்கப்பட்ட கற்களும் அழிந்துபோன மிருகங்களின் எலும்பும் ஒன்றாகக் கிடக்கின்றன என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மதிக்கவில்லை. மனிதன் தோன்றி 6,000 வருடம்தான் ஆகிறது என்று பைபிள் கணக்கை வைத்து நம்பிய காலம் அது. 1859இல் இங்கிலாந்திலிருந்து பிரஸ்ட்விச், எவான்ஸ் என்ற இருவர் நேரில் போய்ப் பார்த்து "அவர் சொல்வது சரிதான்" என்று சொன்ன பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. (டார்வினின் புத்தகம் வந்ததும் அதே வருடம்தான்.)

நான்கே வருடம் கழித்து அந்தச் செய்தி சென்னைக்கு வந்து சேர்ந்தது, ஒரு மனிதரின் கண் வழியாக. ராபர்ட் புரூஸ் ஃபுட். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய வேலை பாறைகளை வரைபடத்தில் குறிப்பது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளைக்காகத் தோண்டிய ஒரு குழியில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. இயற்கையாக உடைந்த கல் இல்லை, யாரோ தட்டிச் செய்த கல். கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்று அடையாளம் காணப்பட்ட நாள் அதுதான்.

அதற்கு நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28 அன்று, ஃபுட்டும் அவருடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் வந்தார்கள். அத்திரம்பாக்கத்தில் ஒரு ஓடை மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. அந்த அரிப்பில் கைக்கோடரிகள் கொட்டிக் கிடந்தன. பல்லாவரத்தில் ஒன்று கிடைத்ததை யாராவது தற்செயல் என்று சொல்லியிருக்கலாம். அத்திரம்பாக்கம் அதற்கு இடம் வைக்கவில்லை. ஃபுட் பிறகு இதை விரிவாக எழுதி 1866இல் சென்னையிலிருந்து வந்த ஆய்விதழில் வெளியிட்டார். இந்த வகைக் கல்லாயுதத் தொழிலுக்கு உலக ஆய்வாளர்கள் "மெட்ராஸ்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சென்னைக்கு ஐ.டி.யாலும் கார் கம்பெனிகளாலும் கிடைத்த பெயரெல்லாம் இதற்கு அப்புறம்தான்!

சரி, ஏன் இந்த இடம்? வணிகவியல் படிக்கிற எல்லோரும் ஒரு பாடத்தைக் கடந்து வந்திருப்பார்கள். ஒரு தொழிற்சாலை எங்கே அமைய வேண்டும்? மூலப்பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், சரக்கைத் தூக்கிச் செல்லும் செலவு குறைவாக இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஏன் இரும்பு ஆலைகள் என்பதற்கு துறைமுகம், ரயில், நெடுஞ்சாலை என்று பதில் எழுதுவோம். அதே பதிலை அத்திரம்பாக்கத்துக்கும் எழுதலாம், மார்க் கிடைக்கும்.

மூலப்பொருள் எது என்று பார்க்க மறுபடி குடியம் மலைக்குத்தான் ஏற வேண்டும். குகைச் சுவரை உற்றுப் பாருங்கள். அது ஒரே பாறை இல்லை. உருண்டை உருண்டையான கூழாங்கற்கள், சிலது முஷ்டி அளவு, சிலது தலை அளவு, சிமெண்ட் போட்டு அப்பியது போல ஒன்றாக இறுகிக் கிடக்கும். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்த கற்கள் அவை. பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கெட்டியான கல். தட்டினால் தூளாகாது, கூரான விளிம்போடு சில்லாகப் பெயரும். நகரி மலைத்தொடரில் செங்குத்தாக நிற்கும் பாறை இதே இனம்தான். கடலில் வரும் மாலுமிகள் அடையாளமாகப் பார்த்த நகரி மூக்கும், திருமலை மலைப்பாதையில் தெரியும் செங்குத்துச் சுவர்களும் இந்தக் குவார்ட்சைட்தான். அந்த மலைகள் உடைந்து, உருண்டு, குடியத்தில் பாறையாகி, அது மறுபடி உதிர்ந்து கீழே சரளையாகப் பரவியிருக்கிறது. ஆயுதம் செய்ய ஆசைப்பட்டவனுக்கு மலையடிவாரமே மூலப்பொருள் கிடங்கு.

இதில் சுவாரசியம் என்னவென்றால், பெரிய கைக்கோடரி செய்யத் தேவையான அளவு பெரிய கல் அத்திரம்பாக்கத்து ஓடைக்கரையில் கிடைக்கவில்லை. எனவே கல் கிடைக்கும் வேறு இடத்தில் பெரிய சில்லுகளாக உடைத்து, அதை மட்டும் தூக்கி வந்து, இங்கே செதுக்கியிருக்கிறார்கள் என்று அகழாய்வு காட்டுகிறது. முழுக்கல்லைச் சுமப்பதை விட பாதி முடிந்த சரக்கைச் சுமப்பது லாபம். இது யார் சொல்லிக் கொடுத்தது?

யார் என்று கேட்டால் அதற்கு முன் "எப்போது" என்று கேட்க வேண்டும். ஃபுட் காலத்தில் அதற்குப் பதில் சொல்ல வழியில்லை. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கே.டி. பானர்ஜி தலைமையில் அத்திரம்பாக்கத்திலும் குடியம் குகையிலும் தோண்டியது. குகையில் வெவ்வேறு காலத்துக் கல்லாயுதங்கள் கிடைத்தன, ஆனால் கொஞ்சமாகத்தான். தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம் குடியிருந்த இடம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. வந்தார்கள், தங்கினார்கள், போனார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களைப் போல என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள் :-) "குகை மனிதன்" என்ற படம் நம் மனதில் பதிந்துவிட்டதால் குகையைப் பார்த்ததும் அங்கே ஒரு குடும்பத்தை உட்கார வைத்துவிடுகிறோம். அந்த மனிதர்கள் வேலை செய்தது வெட்டவெளியில், தண்ணீர் ஓரத்தில்.

1999இலிருந்து சென்னையில் உள்ள சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அத்திரம்பாக்கத்தில் மறுபடி தோண்ட ஆரம்பித்தார்கள். அவசரமே இல்லாத வேலை. ஏறத்தாழ 9 மீட்டர் ஆழம் வரை அடுக்கடுக்காக இறங்கினார்கள். கல்லாயுதங்கள் மட்டுமில்லை, மிருகங்களின் காலடித் தடங்களும், எருமை, மான் இனம், குதிரை இனம் ஆகியவற்றின் பல் படிமங்களும் கிடைத்தன. மனித எலும்பு கிடைக்கவில்லை.

வயதைக் கண்டுபிடித்த விதத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். கல் வெளியே கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு அதில் இரண்டு விதமான கதிரியக்க அணுக்கள் உண்டாகும். ஒன்று பெரிலியம், இன்னொன்று அலுமினியம். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் புதிதாக உண்டாவது நின்று, இருப்பது மட்டும் குறைந்துகொண்டே வரும். இரண்டும் ஒரே வேகத்தில் குறையாது. அலுமினியம் ஏறக்குறைய 7 லட்சம் வருடத்தில் பாதியாகும், பெரிலியம் பாதியாக அதைப்போல் இரண்டு மடங்கு காலம் எடுக்கும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு மெஷின்களுக்கு வெவ்வேறு விகிதத்தில் தேய்மானம் எழுதினால், இரண்டின் இன்றைய மதிப்பை வைத்து வாங்கிய தேதியைக் கண்டுபிடித்துவிடலாம் இல்லையா? அதே கணக்கு. கூடவே, மண் படிந்தபோது பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சோதித்தார்கள். அடியில் இருந்த மண்ணில் அது இன்றைக்கு இருப்பதற்கு நேர் எதிராக இருந்தது.

2011இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. குறைந்தபட்சம் 10.7 லட்சம் வருடம், சராசரியாகக் கணக்கிட்டால் 15 லட்சம் வருடம். இந்தியாவில் கைக்கோடரி செய்தவர்கள் ஐந்தாறு லட்சம் வருடத்துக்கு உட்பட்டவர்கள் என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அந்தக் கணக்கு ஒரே கட்டுரையில் தலைகீழானது.

2018இல் 'நேச்சர்' இதழில் இன்னொன்று. மேல் அடுக்குகளில் கிடைத்த 7,000க்கும் மேற்பட்ட கல்லாயுதங்களை ஆராய்ந்ததில், சுமார் 3,85,000 வருடத்துக்கு முன்பே இங்கே பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டு, முன்கூட்டியே திட்டமிட்டுக் கல்லைத் தயார் செய்து சிறிய கூரிய சில்லுகளை எடுக்கும் முறைக்கு மாறியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நம் இன மனிதன் ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1,25,000 வருடம் முன்பு கிளம்பி வந்தபோதுதான் இந்த முறையையும் கொண்டுவந்தான் என்று ஒரு கருத்து இருந்தது. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளாகச் சொல்லப்படும் மொராக்கோ எலும்புகளுக்கே வயது 3 லட்சத்துச் சொச்சம்தான். அப்படியானால் அத்திரம்பாக்கத்தில் கல் தட்டியது யார்? எலும்பு கிடைக்காத வரை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. உலகம் முழுக்க உள்ள ஆய்வாளர்கள் சண்டை போடும் கேள்வி, கும்மிடிப்பூண்டியிலிருந்து பைக்கில் போய்த் திரும்பும் தூரத்தில் மண்ணுக்குள் கிடக்கிறது.

மண்ணுக்குள் இன்னும் எவ்வளவு நாள் கிடக்கும் என்பதுதான் கவலை. இந்த மாவட்டத்தின் சரளையும் சவுடு மண்ணும் லாரி லாரியாகப் போவது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. சாலை போட, மனை மேடாக்க, தொழிற்பேட்டைக்கு நிலத்தைச் சமன் செய்ய மண் வேண்டும்தான். ஆனால் அந்த மனிதர்களின் ஆயுதங்கள் கிடக்கும் அடுக்கும் இதே சரளை அடுக்குதான். குகையை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. மேடு பள்ளமான, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு நிலத்தை ஒரே வாரத்தில் காலி செய்துவிடலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். பார்க்க அழகாக இருப்பதற்குத்தான் நம் ஊரில் பாதுகாப்பு. அழகில்லாத அத்திரம்பாக்கத்துக்காகப் பேச ஆள் குறைவு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பல்லாவரத்தில் ஃபுட் எடுத்த முதல் கல்லே சரளைக்காகத் தோண்டிய குழியில்தான் கிடைத்தது. குழி தோண்டாமல் இருந்திருந்தால் அவர் பார்த்திருக்கவே மாட்டார். அன்றைக்கு மண்வெட்டியால் வெட்டினார்கள், வெட்டிய பள்ளத்தை ஒருவர் நின்று பார்க்க நேரமும் இருந்தது. ஜேசிபி வந்த பிறகு அந்த நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. அந்தப் பல்லாவரம் இன்று முழுக்கக் கட்டிடம். ஃபுட் சேகரித்தவற்றை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது, எழும்பூரில் போய்ப் பார்க்கலாம்.

குடியம் போக நினைப்பவர்கள் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தேன்கூட்டுக்குக் கீழே சத்தம் போடாதீர்கள், புகை போடவே போடாதீர்கள். போகிற வழியில் பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே ஒரு அரை மணி நேரம் நின்று கைக்கோடரி எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டால் பிறகு காலடியில் கிடக்கும் கல்லே வேறு மாதிரி தெரியும். அப்படி ஒன்று தெரிந்தால் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று தெரியாத கல்லுக்கு எந்த ஆய்வகத்தாலும் வயது சொல்ல முடியாது.