சேற்றில் ஒரு பரீட்சை

1940-ம் வருஷம் ஜூலை மாதம் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு டெண்டர் கடிதம் அனுப்பியது. ரோடு இல்லாத இடத்தில் ஓடக்கூடிய ஒரு குட்டி வண்டி வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கவேண்டும். சுமார் 270 கிலோ பாரம் தாங்கவேண்டும். முன் கண்ணாடியை மடக்கிவிட்டால் மூன்றடி உயரத்துக்கு மேல் போகக்கூடாது, எதிரி கண்ணில் பட்டுவிடும். எல்லாம் சேர்த்து எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள் இருக்கவேண்டும்.

இதுவரைக்கும் சரி. மாதிரி வண்டி ஒன்றை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்து, மொத்தம் 70 வண்டியை 75 நாளில் கொடு என்று கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது பாருங்கள், அதைப் படித்ததும்தான் பெரிய கம்பெனிகள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டன. புதிதாக ஒரு காரை வரைந்து, அச்சு செய்து, பூட்டி ஓட்டிப் பார்க்க வருஷக்கணக்கில் ஆகும் என்பது அவர்கள் அனுபவம்.

ஐரோப்பாவில் ஹிட்லரின் படை பிரான்ஸைச் சுருட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ராணுவத்துக்கு அவசரம். கடைசியில் களத்தில் நின்றவை இரண்டே கம்பெனிகள். ஒன்று வில்லிஸ் ஓவர்லேண்ட். மற்றொன்று அமெரிக்கன் பேன்டம்.

பேன்டமா? அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே என்கிறீர்களா. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பிரிட்டிஷ் ஆஸ்டின் கார்களைப் போலக் குட்டிக் கார்கள் செய்து விற்றுக்கொண்டிருந்த கம்பெனி பேன்டம். அமெரிக்கர்களுக்குப் பெரிய கார்தான் பிடிக்கும். ஆகவே வியாபாரம் படுத்துவிட்டது. 1940-ல் ஏறக்குறைய கதவைச் சாத்தும் நிலைமை. டிசைன் செய்ய ஆளே இல்லை. டெட்ராய்ட்டிலிருந்த கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினீயரைக் கெஞ்சிக் கூப்பிட்டார்கள். சம்பளம்? ஆர்டர் கிடைத்தால் பார்க்கலாம். முதலில் மாட்டேன் என்ற மனிதர், போர்க்கால வேலை என்று மேலிடத்திலிருந்து சொல்லவும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜூலை 17-ம் தேதி பட்லரில் வரைபலகை முன் உட்கார்ந்தார். இரண்டே நாளில் வண்டி காகிதத்தில் தயார்.

எடைதான் உதைத்தது. ப்ராப்ஸ்டின் கணக்கில் வண்டி 1,300 பவுண்டைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. என்ன செய்வது? டெண்டர் படிவத்தில் 1,300-க்குள் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதைப் பாராட்ட மனம் வரவில்லை, ஆனால் புரிகிறது. மூழ்குகிறவன் படிவத்தில் உண்மையைத்தான் எழுதுவான் என்று எதிர்பார்க்க முடியுமா?

வில்லிஸ் சொன்ன விலை குறைவுதான். ஆனால் இத்தனை நாளில் முடியாது என்று அவகாசம் கேட்டது. தாமதத்துக்கான அபராதத்தைக் கூட்டிப் பார்த்ததில் பேன்டம்தான் மலிவு என்று வந்தது. ஆர்டர் பேன்டமுக்கு.

நாற்பத்தொன்பதாவது நாள், செப்டம்பர் 23. பால்டிமோர் நகரத்துப் பக்கம் ஹோலாபேர்ட் என்ற ராணுவ முகாமில் மாலை 5 மணிக்குள் வண்டி நிற்கவேண்டும். ப்ராப்ஸ்ட்டும் கம்பெனியின் ஹரால்ட் கிரிஸ்ட்டும் வண்டியை லாரியில் ஏற்றவில்லை, தாங்களே ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். புது இன்ஜின், பழகும்வரை விரட்டக்கூடாது. மெதுவாகவே வந்து, பிறகு நேரம் போகிற போக்கைப் பார்த்து மிதித்து, நாலரை மணிக்கு வாசலைத் தொட்டார்கள். அரை மணி நேரம் பாக்கி!

இனிதான் பரீட்சை.

ஹோலாபேர்டில் வண்டிகளைச் சோதிக்கும் மேஜர் லாஸ் ஏறி உட்கார்ந்தார். கால் மணி நேரம் சேற்றிலும் மேட்டிலும் விரட்டிவிட்டு வந்து, இந்த வண்டி சரித்திரம் படைக்கும் என்றார். ப்ராப்ஸ்ட் சொல்லி வைத்திருக்கும் நினைவு இது. பக்கத்திலிருந்த ஒரு குதிரைப்படை அதிகாரி மட்டும் எடையைக் கேட்டிருக்கிறார். ப்ராப்ஸ்ட் நிஜத்தைச் சொல்லிவிட்டார். அதிகாரி ஒன்றும் பேசாமல் வண்டிக்குப் பின்னால் போய், பம்பரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஆஜானுபாகுவான மனிதர். தூக்கமுடிந்தது. பள்ளத்தில் மாட்டினால் இரண்டு பேர் சேர்ந்து வெளியே எடுக்கமுடியும் அல்லவா, அப்படியென்றால் சரி என்றாராம். 1,300 பவுண்டு நிபந்தனை அன்றைக்கே செத்துப்போனது.

அது முன்னுரைதான். அக்டோபர் 16-ம் தேதி வரை வண்டியைப் போட்டு வதைத்தார்கள். மொத்தம் 3,410 மைல். அதில் 3,162 மைல் ரோடே இல்லாத பாதை. சேறு, மணல், செங்குத்து மேடு, பள்ளம். ஓட்டியவர்களின் நோக்கம் ஊர் போய்ச் சேர்வது இல்லை, வண்டியை உடைப்பது. உடைந்தது. அடிச்சட்டமே விட்டுப்போனது. குறைகளை வரிசையாக எழுதினார்கள். ஆனால் ராணுவம் எதிர்பார்த்த வேலையைச் செய்ய இந்த வண்டியால் முடியும் என்றுதான் அறிக்கையும் முடிந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நின்று, ஏன் நாலு சக்கர இழுவை என்று சொல்லிவிடுகிறேன். காரில் டிஃபரன்ஷியல் என்று ஒன்று உண்டு. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கொஞ்சம் அதிகம் சுற்றவேண்டுமே, அதற்காக இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரக் கூட்டம். ரோட்டில் தங்கமான சாமான். சேற்றில் துரோகி. ஒரு சக்கரம் வழுக்கினால் போதும், அது சும்மா சுழல, பிடிப்போடு இருக்கும் ஜோடிச் சக்கரம் வண்டியைத் தள்ளப் பலம் இல்லாமல் நின்றுவிடும். பின்னால் அப்படி ஆனாலும் முன்னால் இரண்டு சக்கரம் இழுத்தால் தப்பிக்கலாம். இதுதான் நாலு சக்கர இழுவையின் பிழைப்பு. முன் சக்கரம் ஒரே சமயத்தில் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்பதால் முன் ஆக்ஸில் செய்வதுதான் கஷ்டம். டொலிடோவிலிருந்த ஸ்பைசர் கம்பெனியின் ஆக்ஸிலை வைத்து ப்ராப்ஸ்ட் அதைச் சமாளித்தார்.

சரி, கதைக்கு வருவோம். ஹோலாபேர்டில் பேன்டம் வண்டி சேற்றில் புரண்டுகொண்டிருந்தபோது ஓரத்தில் சிலர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லிஸ் ஆட்கள். ஃபோர்டு ஆட்கள். ராணுவமே அனுமதித்தது. கிட்டே போய்ப் பார்த்தார்கள், குறிப்பு எடுத்தார்கள். அதுவும் போதாதென்று பேன்டமின் வரைபடங்களையே ராணுவம் அவர்களிடம் கொடுத்தது. டிசைன் எங்கள் சொத்து என்றது. பட்லரில் இருக்கும் ஒரு நோஞ்சான் கம்பெனியை நம்பி உலகப் போருக்குப் போகமுடியுமா என்பது ராணுவத்தின் கவலை. நியாயமான கவலைதான், மறுக்கவில்லை. ஆனால் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பவனின் விடைத்தாளைப் பக்கத்து பெஞ்சுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு மூவருக்கும் போட்டி வைப்பதை என்னவென்று சொல்வது?

நவம்பரில் வில்லிஸின் வண்டியும் ஃபோர்டின் வண்டியும் ஹோலாபேர்ட் வந்து சேர்ந்தன. வில்லிஸின் பலம் அதன் இன்ஜின், 60 குதிரைத்திறன். மற்ற இரண்டும் கிட்டே நெருங்கமுடியாது. ஆனால் கனம். ராணுவம் எடை வரம்பை 2,160 பவுண்டு (சுமார் 980 கிலோ) என்று தளர்த்திய பிறகும் வில்லிஸ் அதற்குள் அடங்கவில்லை. கம்பெனியின் தலைமை இன்ஜினீயர் பார்னி ரூஸ் வண்டியை நட்டு போல்ட்டு வரை பிரித்துப் போட்டார். நீளமான போல்ட்டின் நுனியை வெட்டு. தகடு தடிமனா, மெலிசாக்கு. பெயின்ட் ஒரு கோட் போதும். கடைசியில் வரம்புக்குள் வந்தது. எவ்வளவு மிச்சம்? 7 அவுன்ஸ், அதாவது 200 கிராம். கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தால் டெண்டர் போயிருக்கும் என்பார்கள்.

1941 ஜூலையில் ஒரே மாதிரி வண்டிதான் வாங்குவது என்று முடிவானது. வில்லிஸ் சொன்ன விலை 738.74 டாலர். பேன்டம் சுமார் 50 டாலர் அதிகம். முடிந்தது கதை. வில்லிஸால் மட்டும் செய்து மாளாது என்று அதே வண்டியைச் செய்ய ஃபோர்டுக்கும் ஆர்டர் போனது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. பேன்டம் செய்தது சுமார் 2,700. அதிலும் பெரும்பகுதி பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் போய்விட்டது. ஆறுதல் பரிசாகப் பேன்டமுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர்.

ஜீப் என்ற பெயரே எங்கிருந்து வந்தது என்பதில் ஏகப்பட்ட தகராறு. பாப்பாய் சித்திரக் கதையில் அந்தப் பெயரில் ஒரு விசித்திரப் பிராணி வரும், அதிலிருந்து வந்தது என்பார்கள். ஃபோர்டு வைத்த ஜி.பி. என்ற எழுத்துகள் மருவி வந்தது என்பார்கள். பெயரை ஊரெல்லாம் பரப்பியது மட்டும் வில்லிஸ்தான். 1941 பிப்ரவரியில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் தங்கள் வண்டியை ஏற்றிக் காட்டினார்கள். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான்.  படம் எடுத்தார்கள். பேப்பரில் வந்தது.

போரின்போது ஜீப்பை உருவாக்கியவர்கள் நாங்களே என்று வில்லிஸ் விளம்பரம் செய்ய ஆரம்பித்தது. அமெரிக்க அரசின் வர்த்தக கமிஷன் 1943-ல் வழக்குத் தொடுத்தது. ஐந்து வருஷம் கழித்து, 1948-ல், அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று உத்தரவு வந்தது. பேன்டமுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். 1950-ல் ஜீப் என்ற பெயர் வில்லிஸுக்கே வர்த்தகச் சின்னமாகப் பதிவானது. பேன்டம் மறுபடி கார் செய்யவே இல்லை.

நாம் சுதந்திரம் வாங்கிய கையோடு ஜீப் விஷயத்தில் ஒரு பாடம் படித்தோம். 1948-ல் காஷ்மீரில் சண்டை. அவசரமாக ஜீப்புகள் தேவை. லண்டனில் நம் ஹை கமிஷனராக இருந்த கிருஷ்ண மேனன், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் பழைய ஜீப்புகளைப் புதுப்பித்து வாங்க ஒப்பந்தம் போட்டார். விவகாரம் சுமார் 80 லட்ச ரூபாய். வந்து சேர்ந்தவை 155. ராணுவம் பார்த்துவிட்டு, உதவாது என்றது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இதைத்தான் சொல்வார்கள். 1955-ல் அரசாங்கம் விஷயத்தை முடித்துவைத்தது. அடுத்த வருஷம் மேனன் மத்திய மந்திரி.

ஜப்பான்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1951-ல் டொயோட்டா ஜீப் போலவே ஒரு வண்டி செய்து, ஃபுஜி எரிமலைமேல் ஏற்றியது. மலையில் நடந்து ஏறுகிறவர்கள் தங்கிப் போகும் நிலையங்களில் ஆறாவது வரை வண்டி போனது. அதுவரை எந்த வண்டியும் போகாத உயரம். பார்த்துக்கொண்டிருந்தது தேசியப் போலீஸ். உடனே 289 வண்டிக்கு ஆர்டர். அதுதான் பிற்பாடு லேண்ட் குரூசர் ஆயிற்று. வாங்குகிறவன் கண்ணெதிரில் நடந்த பரீட்சை என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

இன்று எஸ்.யூ.வி. வாங்குகிறவர்களில் பலர் சேற்றில் இறங்கப்போவதே இல்லை. அதில் தப்பில்லை, மழைத் தண்ணீரும் வேகத்தடையும் போதும் அவர்களுக்கு. ஆனால் 1994-ல் டொயோட்டா ராவ்4 வந்ததிலிருந்து, அடியில் காராகவும் மேலே ஜீப்பாகவும் தெரிகிற கிராஸோவர்கள் பெருகிவிட்டன. இவற்றில் நிறைய வண்டிகள் முன் சக்கர இழுவை மட்டும் உள்ளவை. நாலு சக்கர இழுவை என்று எழுதியிருப்பதிலும் பல, முன் சக்கரம் வழுக்கிய பிறகுதான் ஒரு கிளட்ச் மூலம் பின்னால் பலம் அனுப்பும். நீண்ட மணல் மேட்டில் அந்த கிளட்ச் சூடேறி, போதும் சாமி என்று விலகிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க மோட்டார் பத்திரிகைக்காரர்கள் ஒரு சோதனை செய்வார்கள். சக்கரங்களுக்கு அடியில் வழுக்கும் உருளைகளை வைத்துவிடுவது. மூன்று சக்கரம் உருளைமேல், ஒன்று மட்டும் தரையில். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்த ஒற்றைச் சக்கரம் வண்டியை நகர்த்துகிறதா? சேறு வேண்டாம், மலை வேண்டாம். ஒரு கார் ஷெட் போதும். பெரிய பெயர் உள்ள வண்டிகள் சில அங்கேயே நின்றுவிடும்.

படிக்கட்டு மோகம் மட்டும் தீரவில்லை. சீனாவில் தியான்மென் மலையில் சொர்க்க வாசல் என்று ஒரு பிரம்மாண்டமான குகை வளைவு. அதற்கு ஏற 999 படி. 2018-ல் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் ஒன்று அதில் ஏறி உலகம் முழுக்கச் செய்தி ஆனது. 2025 நவம்பரில் சீனாவின் செரி கம்பெனி தன் வண்டியை அதே படியில் ஏற்றிப் படம் பிடிக்கப் போனது. பாதுகாப்புக்குக் கட்டிய கயிறு கழன்று சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, வண்டி பின்னால் சறுக்கி ஓரத்துக் கைப்பிடியை உடைத்துக்கொண்டு நின்றது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. கைப்பிடியைச் சரிசெய்து தருவதாகவும் சொன்னது.