ஒரு மண்டலம் போதாது

அப்பாவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்தபோது நான் மருந்துக்கடை வைத்துப் பன்னிரண்டு வருடம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. சில வாரங்களில் கை திரும்பியது; காபி டம்ளரைத் தானே பிடித்தார். ஒருநாள் மாத்திரை டப்பாவை என்னிடம் நீட்டினார். "48 நாள் ஆச்சுப்பா. ஒரு மண்டலம் சாப்பிட்டாச்சு, போதும்." நாட்டு மருந்தில் வளர்ந்தவர். அவர் அறிந்த மருந்துக்கெல்லாம் பத்தியம் உண்டு, கடைசி நாளும் உண்டு. நானும் வற்புறுத்தவில்லை.

இந்த மண்டலக் கணக்கோடு மல்லுக்கு நின்ற இடம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸும் அவரது குழுவினரும் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி, காசநோயாளிகளைத் தங்கவைக்கும் சானடோரியத்தில். மறுபாதி நெரிசலான ஏழை வீடுகளிலேயே. இரு பக்கமும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959இல் வெளியான இந்த முடிவு சானடோரியக் காலத்தையே முடித்துவைக்க உதவியது.

ஆனால் மருந்து வீட்டுக்குப் போனதும் வேறொரு கவலை வந்தது. இருமல் நின்றால் மாத்திரையும் நின்றுவிடுமே! மைய ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். பிந்தைய ஆய்வுகளில் கண்ணெதிரே விழுங்கவே வைத்தார்கள்.

அப்பா நிறுத்திய மாத்திரை ஆஸ்பிரின். காசநோய் மருந்துக்கு நேர்மாறானது அதன் சரித்திரம். 1899இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அது வலி மருந்து. வலி போனால் மாத்திரையும் போச்சு. பல தலைமுறை அப்படித்தான் விழுங்கியது. 1971இல் அது உடம்பில் வேலை செய்யும் விதத்தை ஜான் வேன் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். 1978இல் கனடாவில், பக்கவாதத்தின் முன்னறிகுறி கண்ட 585 பேரிடம் நடந்த ஆய்வு, ஆஸ்பிரின் பக்கவாதத்தையும் மரணத்தையும் குறைப்பதைக் காட்டியது. வலிக்குப் போட்ட அதே மாத்திரையை, வலியே இல்லாதவர் தினமும் போட வேண்டியதாயிற்று.

தினமும் ஏன்? ஆஸ்பிரின் பட்ட ரத்தத் தட்டணு தன் ஆயுள் முடியும்வரை சரியாக ஒட்டாது. அந்த ஆயுளோ ஏறக்குறைய பத்து நாள்தான். எலும்பு மஜ்ஜை அன்றாடம் புதியவற்றை அனுப்புகிறது. மாத்திரையை நிறுத்தினால் பத்து நாளில் ரத்தம் பழையபடி உறையத் தயார். ஆஸ்பிரினை நிறுத்தியவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல் என்று 2005இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர்கள் எழுதினார்கள்.

அப்பாவுக்கு இரண்டாம் முறை வந்தபோது பேச்சு போய்விட்டது.

இப்போது என் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. பக்கவாத மாத்திரை வாங்குபவர் முப்பதாம் நாள் வரவில்லையென்றால் முப்பத்தொன்றாம் நாள் போன் செய்வேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, மாத்திரையை நிறுத்தலாமா என்று தோன்றினால், அதை உங்களுக்குள் முடிவு செய்யாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.