விளக்கெண்ணெயில் பறந்த விமானமும் புளியரை ஏற்றத்தில் டர்போ காரும்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு குரல் பதிவு. அனுப்பினவர் தென்காசிக்காரர், பேர் வேண்டாம்னு சொல்லிட்டார். செகண்ட் ஹேண்ட்ல ஒரு டர்போ பெட்ரோல் கார் எடுத்திருக்கார். கடன் இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. வேலை விஷயமா வாரத்துக்கு மூணு தடவை செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியா புனலூர் போய்ட்டு வர்றார். காரோட மேனுவல் 5டபிள்யூ-40 ஆயில் ஊத்தச் சொல்லுது. ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி, "தம்பி, அதெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு. நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்தணும்லா"ங்கிறார். யார் சொல்றது சரி? இதுதான் கேள்வி.

ரெண்டே நிமிஷத்துல பதில் சொல்லிடலாம். ஆனா இது வரலாற்று பாட்காஸ்ட். அண்ணாச்சியோட 20டபிள்யூ-50க்கும் ஒரு வரலாறு இருக்கு, மேனுவல்ல இருக்கிற எண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கு. ரெண்டும் தெரிஞ்சா, அடுத்த கார் வாங்கும்போது என்னைக் கேட்க வேண்டியதில்லை.

நம்ம ஊர்ல ஒருத்தரை மட்டம் தட்டணும்னா "சரியான விளக்கெண்ணெய்"னு சொல்வோம். பிடி கொடுக்காம பேசுறவனைப் பார்த்து "வெண்டைக்காயை விளக்கெண்ணெய்ல வதக்கின மாதிரி பேசுறான்"னு சொல்வோம். அந்த வழுவழுப்புதான் நம்ம கதையோட முதல் பாத்திரம்.

விளக்கெண்ணெய் எடுக்கிற பழைய முறை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆமணக்கு முத்தை வறுத்து, இடிச்சு, தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சு, மேல மிதக்கிறதை வழிச்சு எடுப்பாங்க. அதுல கிட்டத்தட்ட 85 முதல் 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம்ங்கிற ஒரே சரக்கு. மத்த தாவர எண்ணெய்கள்ல பெரும்பாலும் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் கூட்டம் இதோட மூலக்கூறுல ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனால இந்த எண்ணெய் கெட்டியாவும் இருக்கும், உலோகத்தை விடாம பிடிச்சுக்கவும் செய்யும். 19-ஆம் நூற்றாண்டு இந்தியாவில் ரயில்வே இதை விளக்குக்கும் பயன்படுத்தியது, இயந்திரங்களுக்கு மசகாகவும் பயன்படுத்தியது.

அப்புறம் விமானம் வந்தது. 1908, 1909 வாக்கில் பிரான்ஸில் நோம் நிறுவனம் சுழல் இன்ஜினைக் கொண்டு வந்தது. இதுல கிராங்க்‌ஷாஃப்ட் அசையாம நிற்கும், சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்து சுத்தும். பெட்ரோலும் காத்தும் கலந்த கலவை, கிராங்க்கேஸ் வழியாத்தான் சிலிண்டருக்குப் போகணும். அங்கே பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மினரல் ஆயிலை ஊத்தினா, பெட்ரோல் அதைக் கரைச்சு நீர்க்க விட்டுடும். விளக்கெண்ணெய் பெட்ரோல்ல லேசுல கரையாது. பிரச்சினை தீர்ந்தது. முதல் உலகப் போரில் பறந்த சாப்வித் கேமல் மாதிரியான விமானங்கள் மணிக்கு லிட்டர் கணக்குல விளக்கெண்ணெய் குடிச்சு, எரிஞ்சதும் எரியாததுமா வெளியே துப்பின. பின்னாடி உட்கார்ந்திருந்த விமானி மூஞ்சியிலதான் அது அடிக்கும். மூக்கு வழியாவும் வாய் வழியாவும் உள்ளே போனா வயிறு என்ன ஆகும்னு நம்ம பாட்டிமாருக்கு நல்லாவே தெரியும்.

அந்த எண்ணெய்க்கு உலகமே இந்தியாவைத்தான் நம்பியிருந்தது. போரில் இறங்கிய அமெரிக்கா, தானே ஆமணக்கு பயிரிடணும்னு முடிவு பண்ணி, விதைக்காக பம்பாயிலிருந்து ஒரு கப்பல் முத்து வரவழைத்தது. இன்னைக்கும் உலக ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் குஜராத். தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் விளையுது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் ஆமணக்குக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. மரவள்ளியும் அங்கேயே.

லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டுனு ஒருத்தர் 1899-ல் மசகு எண்ணெய்க் கம்பெனி ஆரம்பிச்சார். பின்னாளில் லண்டன் மேயரும் ஆனார். 1909-ல் தன்னோட மோட்டார் ஆயிலில் விளக்கெண்ணெயைச் சேர்த்து, அந்த கேஸ்டர் ஆயிலின் பேரிலிருந்தே ஒரு பிராண்ட் பேர் வச்சார்: கேஸ்ட்ரால். நம்ம ஊரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல தொங்குற போர்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறது விளக்கெண்ணெய்தான். 1966-ல் அந்தக் கம்பெனியை வாங்கினது பர்மா ஆயில்.

இவ்வளவு நல்ல எண்ணெயை ஏன் விட்டாங்க? சூட்டுல ஆக்சிஜனோட சேர்ந்து கோந்து மாதிரி ஆயிடும். பிஸ்டன் ரிங்கை ஒட்ட வச்சிடும். ரேஸ் முடிஞ்சதும் இன்ஜினைப் பிரிச்சுத் துடைக்கிறவனுக்கு அது பிரச்சினையில்லை. தினமும் ஆபீஸ் போற காருக்கு அது எமன். மினரல் ஆயிலோடயும் சரியா சேராது. அதனால சாலையில் மினரல் ஆயில் ஜெயிச்சது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலை அந்தக் கதையில நம்ம பங்கு. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ்னு பேர் வச்சு, 1969-ல் ஓட ஆரம்பிச்ச அந்த ஆலையில், மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயும் தயாராகுது.

இனி எண்களுக்கு வருவோம். அமெரிக்க வாகனப் பொறியாளர்கள் சங்கம், அதாவது எஸ்ஏஇ, 1911-லேயே ஆயிலைக் கெட்டித்தன்மை வாரியாகப் பிரிச்சது. பள்ளிக்கூடத்துல பாகுநிலைனு படிச்சோமே, அதேதான். எண் கூடினா கெட்டி, குறைஞ்சா இளக்கம். கோடைக்கு ஒரு ஆயில், குளிருக்கு ஒரு ஆயில்னு மாத்தி மாத்தி ஊத்தினாங்க. 1950-களில் சூட்டில் விரியும் பாலிமர்களைச் சேர்த்து, ஒரே ஆயிலை ரெண்டு கிரேடாகவும் வேலை செய்ய வச்சாங்க. 5டபிள்யூ-40ல டபிள்யூங்கிறது விண்டர். முதல் எண் குளிர்ல ஸ்டார்ட் ஆகும்போது, ரெண்டாவது எண் 100 டிகிரி சூட்டுல.

அண்ணாச்சியோட 20டபிள்யூ-50 பிரபலமானதும் ஒரு சின்ன கார் மூலமாத்தான். 1959-ல் வந்த பிரிட்டிஷ் மினியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கியர் பற்கள் அந்தப் பாலிமரை நறுக்கித் தள்ளின. ஆயில் சீக்கிரமே நீர்த்துப் போச்சு. அதைச் சமாளிக்க டக்கம்ஸ்னு ஒரு கம்பெனி 1960-களில் 20டபிள்யூ-50 கொண்டு வந்தது. நம்ம அம்பாசடர் இன்ஜினும் அதே பிரிட்டிஷ் கம்பெனியோட வம்சம். இடைவெளி அதிகமான பியரிங், தேய்ஞ்ச ரிங், கார்புரேட்டர். அதுக்குக் கெட்டி ஆயில் பொருத்தமா இருந்தது. அண்ணாச்சி அந்த இன்ஜின்கள்ல கை பழகினவர். அவர் சொல்றது தப்பான அறிவு இல்லை, வேற இன்ஜினுக்கான அறிவு.

இப்ப வேகத்துக்கு வர்றேன். தமிழ்நாட்டுல பர்ஃபாமன்ஸ் கார்னா அது சோழவரத்துல ஆரம்பிக்குது. இரண்டாம் உலகப் போர்ல போட்ட விமான ஓடுதளம், சென்னைக்கு வடக்கே. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் ரேஸ் நடத்தியது. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஓட்டினதும் அங்கேதான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. கோவையின் கரிவரதன், மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வச்சே ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் கட்டினார். 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துட்டார். அந்த ஃபார்முலா மாருதியில ஆரம்பிச்ச நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார்.

கரிவரதனோட கார்ல எனக்குப் பிடிச்சது இதுதான்: தெருவுல பால் வாங்கப் போற அதே இன்ஜின், டிராக்ல முழு ஆர்பிஎம்ல கதறும். ஆயிலைப் பொறுத்தவரை ரெண்டும் ஒரே இன்ஜின் இல்லை. சூடு வேற, பியரிங் மேல விழுற பாரம் வேற. ரேஸ் ஆயில் பல ஆயிரம் கிலோமீட்டர் தாங்கணும்னு செய்யப்படுறதில்லை. அதனால "ரேஸிங்"னு எழுதியிருக்கிற டப்பாவைத் தெரு காருக்கு வாங்காதீங்க. கூடக் காசு கொடுத்து, குறைஞ்ச நாள் உழைக்கிற ஆயில் வாங்குறீங்க.

சிந்தெடிக் கதையும் சுருக்கமா. விளக்கெண்ணெய் பின் கதவு வழியா திரும்பி வந்தது. அதிலிருந்து எடுக்கிற செபாசிக் அமிலத்தில் செய்த எஸ்டர்கள்தான் ஆரம்ப கால ஜெட் இன்ஜின்களுக்கு மசகு. அப்புறம் கார்களுக்கும் எஸ்டர், பிஏஓ வகை செயற்கை ஆயில்கள் வந்தன. 1974-ல் அமெரிக்காவில் மொபில் 1. 1999-ல் ஒரு சண்டை: கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு ஆழமாகச் சுத்திகரிச்ச குரூப் 3 எண்ணெயை "சிந்தெடிக்"னு விற்கலாமான்னு கேஸ்ட்ரால் மேல மொபில் புகார் கொடுத்தது. அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு கேஸ்ட்ரால் பக்கம் நின்னுது. அதனால ஃபுல்லி சிந்தெடிக்ங்கிற வார்த்தையை மட்டும் நம்பி எதையும் முடிவு பண்ண முடியாது. குரூப் 3 மோசம்னு சொல்லலை, நல்ல ஆயில்தான். ஆனா முன்பக்கத்து தங்க எழுத்தை விட பின்பக்கத்து பொடி எழுத்துதான் முக்கியம்.

சரி, புளியரைக்கு வருவோம்.

எஸ் வளைவு ஏறும்போது என்ன நடக்குது? ஆள் நிறைய, ஏசி ஓடுது, முன்னாடி லாரி. சோம்பேறித்தனமா நாலாவது கியர்லயே 1,500 ஆர்பிஎம்ல ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். டர்போவும், சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் பீய்ச்சுற டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த இன்ஜினா இருந்தா, இந்த இடத்துலதான் ஆபத்து. சிலிண்டர் சுவர்ல பெட்ரோலோட கலந்த ஆயில் துளி, பிளக் பொறி விடுறதுக்கு முன்னாடியே தீப்பிடிக்கும். எல்எஸ்பிஐ, அதாவது குறைவேக முன்பற்றல்னு சொல்வாங்க. ஒரே அடியில பிஸ்டன் உடையலாம். ஆயில்ல அழுக்கு நீக்கக் கலக்கிற கால்சியம் உப்பு அதிகமா இருந்தா இது கூடும்னும், மெக்னீசியமா மாத்தினா குறையும்னும் கண்டுபிடிச்சாங்க. அதனால 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பி தரத்துல, இதுக்குன்னே ஒரு சோதனை இருக்கு. கடை அலமாரியில இருக்கிற பழைய பாணி 20டபிள்யூ-50 டப்பாவைத் திருப்பிப் பாருங்க. எஸ்எல்னு இருந்தா அது 2001-ஆம் வருஷத்து தரம். இந்தப் பிரச்சினையே அப்ப பேச்சுல இல்லை.

"ஆனா வெயிலுக்குக் கெட்டி வேணுமே"ன்னு அண்ணாச்சி கேட்பார். நியாயமான கேள்வி. பியரிங்கைக் காப்பாத்துறது 150 டிகிரியில, அழுத்தத்துல ஆயில் எவ்வளவு கெட்டியா நிற்குதுங்கிறதுதான். எச்டிஎச்எஸ்னு பேர். எஸ்ஏஇ கணக்குப்படி 20டபிள்யூ-50க்கு குறைந்தபட்சம் 3.7. 5டபிள்யூ-40க்கு 3.5. வித்தியாசம் அவ்வளவுதான். எரிபொருள் சிக்கனத்துக்குன்னு வர்ற 0டபிள்யூ-20க்கு 2.6. அங்கேதான் நிஜமான தாவல் இருக்கு, அதுக்கேத்த மாதிரி வடிவமைச்ச இன்ஜினுக்கு மட்டும்தான் அது. காலையில முதல் ஸ்டார்ட்ல கதை வேற. தென்காசியில உறைபனி கிடையாதுதான், குற்றாலச் சாரல்ல கூட நமக்கு 5டபிள்யூங்கிற அளவு குளிர் தேவையில்லை. ஆனா 25 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயில் 5டபிள்யூவை விடக் கெட்டி. நிமிஷத்துக்கு லட்சக்கணக்கான சுத்து சுத்துற டர்போ தண்டுக்கு ஆயில் போய்ச் சேர அதிக நேரம் எடுக்கும்.

ஆக, நம்ம நண்பருக்கு: மேனுவல் சொல்ற 5டபிள்யூ-40. ஏபிஐ எஸ்பி. ஐரோப்பிய கார்னா, கம்பெனி கேட்கிற அனுமதி எண் டப்பாவுல அப்படியே இருக்கணும். "ஏற்றது", "பரிந்துரைக்கப்படுகிறது"ங்கிறது ஆயில்காரர் வார்த்தை, "அங்கீகரிக்கப்பட்டது"ங்கிறதுதான் கார் கம்பெனி வார்த்தை. மேனுவல்ல கடுமையான பயன்பாட்டுக்குன்னு தனி கணக்கு இருக்கும். வாரம் மூணு தடவை மலை ஏறுறவர் அந்தக் கணக்குல வர்றார், ஆயிலைச் சீக்கிரம் மாத்தணும். ஏத்தத்துல ஒரு கியர் குறைச்சு 2,500 ஆர்பிஎம் பக்கத்துல வச்சுக்கோங்க. ஆரியங்காவுல டீக்கு நிறுத்தினா, உடனே சாவியைத் திருகாம ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்க. சூடான டர்போவுல நின்னு போன ஆயில் கருகிக் கரியாகும்.

டர்போ இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை சமதளத்துல டிப்ஸ்டிக் பாருங்க. மலை மேல லெவல் குறைஞ்சு போய், அதே கிரேடு கிடைக்கலைன்னா, கிடைக்கிற நல்ல இன்ஜின் ஆயிலை அரை லிட்டர் ஊத்திட்டு ஊருக்கு வந்து மாத்திக்கலாம். ஆயில் இல்லாம ஓட்டுறதை விட அது எவ்வளவோ மேல். கலக்கவே கூடாதது ஒன்னு உண்டு, அது பழைய ரேஸ் ஆயில்: விளக்கெண்ணெய் கலந்தது.