தருமபுரியிலிருந்து விமான நிலையம் எவ்வளவு தூரம்?



நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு கேள்வி வந்தது. "சார், துபாய்க்குப் போறேன். பெங்களூர்ல ஏறுறதா, சென்னையில ஏறுறதா? நமக்கு எது பக்கம்?" ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். பெங்களூர்தான் பக்கம் என்றார் ஒருவர். பக்கம்தான், ஆனால் போய்ச் சேர முடியாது என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மை. எப்படி இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு நேரத்தில் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியைப் பற்றி. திப்பு சுல்தான் பிறந்த ஊர் அதுதான். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக்கு அப்போது பாராமகால் என்று பெயர். ஹைதர், திப்பு காலத்தில் தேவனஹள்ளியும் பாராமகாலும் ஒரே மைசூர் ஆட்சிக்குள் இருந்தன. 1791-ல் கார்ன்வாலிஸ் படை தேவனஹள்ளிக் கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு, 1792-ல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட் நிலவரி வசூலுக்குப் பொறுப்பேற்று வந்தார். அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ நம் தருமபுரியிலேயே தங்கி வேலை பார்த்தார். வகுப்பில் நான் இதை நடத்தியது சிலருக்காவது நினைவிருக்கும். அன்று முதல் நாம் சென்னைப் பக்கம், தேவனஹள்ளி மைசூர்ப் பக்கம். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதும் அந்தப் பிரிவு அப்படியே நின்றது. இன்று விமானம் ஏறப் போகும் பிள்ளை அத்திப்பள்ளியில் கடக்கும் மாநில எல்லைக்கு இவ்வளவு பழைய வேர் உண்டு.

அடுத்து ரயில். தருமபுரிக்கு முதல் ரயில் 1906-ல் வந்தது. மொரப்பூரிலிருந்து குறுகிய பாதையில் ஓடிய சிறு ரயில் அது. 1913-ல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். ஓசூருக்கும் பெங்களூருக்கும் சுமார் 40 கி.மீ.தான். இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால் அன்றே நமக்குப் பெங்களூர் ரயில் கிடைத்திருக்கும். நடந்தது தலைகீழ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல், அந்த ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள்.

இதே நேரத்தில் பெங்களூரில் என்ன நடந்தது தெரியுமா? 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு அங்கே விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் எச்.ஏ.எல். போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ விமானங்களை அங்கே பழுதுபார்த்தார்கள். அந்தத் தொழிற்சாலையின் ஓடுபாதையே பிறகு பயணிகள் விமானத்துக்கும் பயன்பட்டது. ஒரே போர்தான். அங்கே ஓடுபாதை வளர்ந்தது, இங்கே தண்டவாளம் போயிற்று. அதன் பிறகு சுமார் கால் நூற்றாண்டு தருமபுரி நகரத்துக்கு ரயிலே இல்லை. 1960-களின் இறுதியில்தான் சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை தருமபுரி, ஓசூர் வழியாக வந்தது. 1990-களில் அது அகலப் பாதையானது.

எச்.ஏ.எல். விமான நிலையம் நமக்கு எவ்வளவு வசதி என்று இருந்தபோது தெரியவில்லை. ஓசூர் சாலையில் போய், சில்க் போர்டு தாண்டி, கிழக்கே திரும்பினால் சிறிது தூரத்தில் வந்துவிடும். 2008 மே 24 அன்று தேவனஹள்ளி விமான நிலையம் திறந்தது. ஒப்பந்தப்படி அதோடு எச்.ஏ.எல்.-லில் பயணிகள் விமானப் போக்குவரத்து நின்றது. ஓசூர்ப் பக்கமிருந்து போகிற நமக்கு விமான நிலையம் 30 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போனது. தூரம் கூடியதுகூடப் பெரிதில்லை, அது நகரத்தின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. நாம் தெற்கு வாசலில் நுழைகிறோம், விமான நிலையமோ வடக்கு வாசலுக்கு வெளியே. நடுவில் பெங்களூர் முழுவதையும் கடக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். தருமபுரியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் சுமார் 170 கி.மீ. இதில் ஓசூர் வரை நான்கு வழிச்சாலையில் சுகமாகப் போய்விடலாம். 2010-ல் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்த பிறகு அங்கே ஒரு சுமார் 10 கி.மீ.யும் வேகமானது. பிறகு சில்க் போர்டு, பிறகு ஹெப்பால். இந்த இரண்டு பெயரையும் கேட்டாலே நம் டிரைவர்கள் முகம் மாறும். முன்னால் வந்த 130 கி.மீ.க்கு ஆன நேரம் இந்தக் கடைசித் துண்டுக்கும் ஆகிவிடும் நாட்கள் உண்டு. அதனால்தான் இரவு 2 மணி விமானத்துக்கு மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுகிறோம்.

நிலையத்துக்குள் போய்விட்டால் குறை சொல்ல எதுவுமில்லை. 2013-ல் அதற்குக் கெம்பேகவுடா பெயர் வைத்தார்கள். 1537-ல் பெங்களூர் நகரத்தை அமைத்தவர் அவர். 2019 டிசம்பரில் இரண்டாவது ஓடுபாதை வந்தது. 2022 நவம்பரில் இரண்டாம் முனையத்தைத் திறந்தார்கள். மேற்கூரை முழுக்க மூங்கில், உள்ளே தொங்கும் தோட்டம். வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் 2023 செப்டம்பர் முதல் அங்கிருந்துதான். ஆண்டுக்கு 4 கோடிக்கு மேல் பயணிகள் வந்துபோகிறார்கள். வயதான பெற்றோரை அனுப்புகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். நீண்ட தூரம் நடக்க வேண்டிய இடம் அது.

ஆனால் அந்த மூங்கில் கூரையைப் பார்க்க ஒரு கூலித் தொழிலாளியின் மகன் எப்படிப் போகிறான்? பெரும்பாலும் வாடகைக் காரில். வழியனுப்ப அப்பா, அம்மா, மாமா என்று நாலு பேர் கூடப் போவார்கள். கடன் வாங்கி விசாவுக்குக் கட்டிய குடும்பம், கார் வாடகைக்கும் தனியாகக் கடன் வாங்குகிறது. கட்டட வேலைக்குப் போகிறவன் அங்கே வாங்கும் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு இந்த 170 கி.மீ.க்கே போய்விடும்.

பொதுப் போக்குவரத்து இல்லாமல் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் மெஜஸ்டிக்கிலிருந்தும் 'வாயு வஜ்ரா' ஏ.சி. பஸ்கள் விமான நிலையத்துக்கு ஓடுகின்றன. நம் ஊர் பஸ்ஸில் போய் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி மாறிக்கொள்ளலாம். 2021 ஜனவரியில் யலஹங்கா–சிக்கபல்லாபூர் பாதையில் விமான நிலையத்துக்கென்று ஒரு சிறு ரயில் நிறுத்தமும் திறந்தார்கள். ஆனால் அதில் நிற்கும் ரயில்கள் குறைவு, விமான நேரத்துக்கு ஒத்து வருவது அதைவிடக் குறைவு. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் பாதை வந்துவிட்டது. சில்க் போர்டிலிருந்து விமான நிலையத்துக்கு நீலப் பாதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்தால் பொம்மசந்திராவில் ஏறி, சில்க் போர்டில் மாறி, விமான நிலையத்திலேயே இறங்கலாம். ஓசூருக்கும் பொம்மசந்திராவுக்கும் சுமார் 15 கி.மீ. இடைவெளிதான். 1913-ல் ஓசூரோடு நின்ற ரயிலை நினைத்துக்கொண்டேன். நூறு ஆண்டு கழித்தும் எல்லையில் ஒரு துண்டு விட்டுப்போகிறது.

சென்னையைப் பாருங்கள். தருமபுரியிலிருந்து சுமார் 300 கி.மீ. ஆனால் மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல். சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால், 2019 முதல், வண்டி மாறாமல் மீனம்பாக்கம் விமான நிலையம். எதிரிலேயே திரிசூலம் மின்சார ரயில் நிலையமும் உண்டு. தூரம் இரண்டு பங்கு இருந்தும், பெட்டியோடு தனியாகப் போகும் ஒரு பெண்ணுக்கு அதுதான் பயமில்லாத வழி, செலவும் குறைவு. வாட்ஸ்அப் கேள்விக்கு என் பதில் இது: காருக்குக் காசு இருந்தால் பெங்களூர் பக்கம், ரயிலில் போவதாக இருந்தால் சென்னை பக்கம்.

சரி, நமக்குப் பக்கத்திலேயே ஒரு விமான நிலையம் ஏன் இல்லை? ஒரு சிறு பயிற்சி செய்யுங்கள். அட்லஸை எடுத்து, கவராயத்தின் முள்ளைத் தேவனஹள்ளியில் ஊன்றி, 150 கி.மீ. அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். ஓசூர் உள்ளே வரும். கிருஷ்ணகிரி உள்ளே வரும். நம் தருமபுரியும் உள்ளேதான். 2004-ல் மத்திய அரசுக்கும் பெங்களூர் விமான நிலைய நிறுவனத்துக்கும் ஆன ஒப்பந்தத்தில், இந்த வட்டத்துக்குள் வேறு சர்வதேச விமான நிலையம் 25 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 வரை, வரக்கூடாது என்று எழுதியிருக்கிறது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. நம் வீட்டு வாசலைப் பற்றிய முடிவு, நாம் அறியாமலே ஒரு காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் ஓடுபாதை 1990-களிலிருந்தே இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல். அதுவரை ஓசூர் நம் மாவட்டம்தானே! ஆகவே ஓடுபாதை உள்ள மாவட்டம் என்று தருமபுரியும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த வட்டத்துக்குச் சற்று வெளியே விழுவது ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். 1993-ல் திறந்தார்கள். பல ஆண்டுகள் விமானமே வராமல் கிடந்தது. 2018-ல் உடான் திட்டத்தில் சென்னைக்கு ஒரு விமானம் வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வந்தன. கட்டடமும் ஓடுபாதையும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2024 ஜூனில் ஓசூரில் 2000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கேட்க மகிழ்ச்சிதான். 2000 ஏக்கர் என்பது யாருடைய நிலம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தேவனஹள்ளிப் பக்கத்தில் தொழிற்பூங்காவுக்கென்று 1777 ஏக்கர் எடுக்கப் போனபோது விவசாயிகள் மூன்று ஆண்டுக்கு மேல் போராடினார்கள். 2025 ஜூலையில் கர்நாடக அரசு அந்த முடிவைக் கைவிட்டது. பம்பளிமாஸ் பழத்துக்குப் பேர்போன மண் அது. நம் ஓசூர் மண்ணும் பூவுக்கும் காய்கறிக்கும் பேர்போனது. நிலம் கொடுப்பவனுக்கு நியாயமான விலையும், அவன் பிள்ளைக்கு அங்கே காவலாளி வேலையைவிட மேலான வேலையும் கிடைக்குமா என்பது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வியை நம் மாவட்டத்துக்காரர்கள்தான் கேட்க வேண்டும். விமான நிலையம் எழும்பும்போதே தருமபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரத்திலிருந்து அரசு பஸ்ஸும், சேலம்–பெங்களூர் பாதையில் ஒரு ரயில் நிறுத்தமும் வரைபடத்தில் இருக்கிறதா? மொரப்பூர்–தருமபுரி பாதையை மீண்டும் போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1941-ல் போனதைத் திரும்பப் பெற நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். விமான நிலையம் முதலில் வரட்டும், வழி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இன்னொரு தலைமுறை வாடகைக் காருக்குக் கடன் வாங்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் இன்று அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள், சிலர் உள்ளாட்சிப் பதவிகளில் இருக்கிறீர்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் போய் இதை எழுதிக் கொடுங்கள். மற்றவர்கள், இந்த வாரம் பிள்ளைகளிடம் அட்லஸையும் கவராயத்தையும் கொடுத்து அந்த வட்டத்தைப் போடச் சொல்லுங்கள். உங்கள் ஊர் உள்ளே வருகிறதா, வெளியே வருகிறதா என்று கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்