பாடத்திட்டத்திற்கு வெளியே ஓர் உரிமைச் சிக்கல்: இந்தியச் சாரணர் இயக்கம் (1909–1953)

ஆய்வுச்சுருக்கம்

பாடத்திட்டத்திற்குப் புறம்பான பயிற்சிகள் மாணவர்தம் ஓய்வுநேரத்தை நிரப்பும் துணைச் செயல்களாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. காலனிய ஆட்சியாளர் அவற்றை அவ்வளவு எளிதாக எண்ணவில்லை. சாரணர் இயக்கத்தில் இந்தியச் சிறுவருக்கு இடம் மறுக்கப்பட்டமை, அதற்கு மாற்றாகச் சென்னையில் ஓர் அமைப்புத் தோன்றியமை, விடுதலைக்குப்பின் அமைப்புகள் ஒன்றிணைந்தமை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சாரணர் இயக்கம், பாட இணைச் செயல்பாடுகள், அன்னி பெசன்ட், காலனியக் கல்வி, முதலியார் குழு.

முன்னுரை

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களுக்காக ஒரு பாசறை நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவரும் உழைப்பாளர் குடும்பச் சிறுவரும் அதில் ஒன்றாகத் தங்கினர். வர்க்க வேறுபாட்டைக் கடந்து தொடங்கிய இவ்வியக்கம் 1909இல் பெங்களூர் வழியாக இந்தியாவிற்கு வந்தபோது, ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

மறுப்பின் பின்புலம்

அக்காலத்தில் ஆங்கிலவழிப் பள்ளிகளில் இந்திய மாணவர் பயின்றுவந்தனர். அவ்வாறிருக்கச் சாரணப் பயிற்சி மட்டும் அவர்களுக்கு ஏன் மறுக்கப்பட்டது என்பது ஆராய்தற்குரியது. இப்பயிற்சி இந்தியச் சிறுவரைப் புரட்சியாளராக்கக்கூடும் என்னும் ஐயம் ஆட்சியாளரிடம் நிலவியது. தடம் அறிதல், சைகைச் செய்தி அனுப்புதல், நிலப்படம் படித்தல், பாசறை அமைத்தல், முதலுதவி ஆகியன இப்பயிற்சியின் கூறுகள். இவற்றினும் முதன்மையானது அணிமுறை. சிறுவர் சிலர் ஓர் அணியாவர். அவர்களுள் ஒருவனே அணித்தலைவன். வகுப்பறை, ஆசிரியர் சொல்வதைக் கேட்கப் பழக்கியது. அணியோ தாமே முடிவெடுக்கவும் பிறரை வழிநடத்தவும் பழக்கியது. எனவே, பாடநூலைவிடப் பாசறையே ஆட்சிக்கு இடர் தருவதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

சென்னையில் எழுந்த மாற்று

1916இல் அன்னி பெசன்ட், ஜி. எஸ். அருண்டேல் ஆகியோரின் முயற்சியால் சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கம் தொடங்கப்பட்டது. பயிற்சிமுறை பேடன் பவலுடையதாயினும், தலைப்பாகையும் இந்தியப் பாடல்களும் அதற்கு இம்மண்ணின் அடையாளத்தை அளித்தன. தன்னாட்சி இயக்கமும் அதே ஆண்டில் தோன்றியது. 1917 ஜூனில் பெசன்டும் அருண்டேலும் அரசால் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டனர். அதற்குக் காரணம் சாரணப்பணி அன்று, தன்னாட்சிக் கிளர்ச்சியே. எனினும் சிறுவர் பயிற்சியையும் நாட்டின் தன்னாட்சிக் கோரிக்கையையும் முன்னெடுத்தவர்கள் ஒருவரே என்பது கருதத்தக்கது.

வடக்கே 1918இல் அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை நிறுவினர்.

இணைப்பும் உறுதிமொழியும்

1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்டின் சங்கம் தாய் அமைப்புடன் இணைந்தது. இந்தியச் சிறுவருக்கு வாயில் திறந்தது. ஆனால் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. கடவுளுக்கும் அரசருக்கும் கடமையாற்றுவதாகச் சாரணர் உறுதியேற்க வேண்டியிருந்தது. நுழைவுரிமை கிடைத்தபின் ‘யாருக்கு விசுவாசம்?’ என்னும் வினா எஞ்சியது. சேவா சமிதி தனித்தே இயங்கியது. பின்னர் 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. ஒரே பயிற்சியைத் தனித்தனி அமைப்புகள் அளித்துவந்தமைக்குப் பயிற்சிமுறையில் இருந்த வேறுபாட்டைவிட, அதன் அரசியல் பொருளே காரணமாயிற்று எனலாம்.

விடுதலைக்குப்பின் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் அமைப்பு உருவாயிற்று. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் சங்கமும் அதனுடன் இணைந்தது.

கல்விக் கொள்கையில் இடம்

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் இடைநிலைக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. பாடப்புறச் செயல்பாடுகள் பள்ளிக்கல்வியின் பிரிக்கவியலாக் கூறாக வேண்டும் எனவும், ஆசிரியர் அனைவரும் அவற்றிற்கெனக் குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்க வேண்டும் எனவும் அக்குழு 1953இல் பரிந்துரைத்தது. சாரணர் இயக்கத்திற்கு மாநில அரசுகள் நிதியுதவி அளிக்க வேண்டும், பாசறைக்கு ஏற்ற இடங்களைப் பெற உதவ வேண்டும் எனவும் அது கூறியது. ஒரு காலத்தில் அரசு ஐயத்துடன் நோக்கிய பயிற்சி, அரசே பேணவேண்டிய கல்வியாக மாறியது.

முடிவுரை

பாடத்திட்டத்திற்கு வெளியே உள்ளது கல்விக்கும் வெளியே உள்ளது என்று கொள்ள இவ்வரலாறு இடந்தரவில்லை. இந்தியச் சிறுவருக்குப் பாடநூல் மறுக்கப்படவில்லை. தலைமைப் பயிற்சியே மறுக்கப்பட்டது. அதன் மதிப்பை, அதனை மறுத்தவரும் அதற்காக முயன்றவரும் ஒருங்கே உணர்ந்திருந்தனர். ஆகவே, இன்று தேர்வுப் பாடங்களுக்காக இத்தகைய பயிற்சிநேரம் குறைக்கப்படும் இடங்களில், அதனைக் கால அட்டவணை பற்றிய சிக்கலாக மட்டும் கருதவியலாது. எம்மாணவர்க்கு வழிநடத்தும் வாய்ப்பு இல்லாமற்போகிறது என்னும் வினா அங்கும் எழுப்பப்பட வேண்டியதாகும்.