திருவிதாங்கூரின் கீழ்வாய்க் கணக்கு

ஒன்றுக்குக் குறைந்த எண்களைப் பழைய தமிழ்க் கணக்கு கீழ்வாயிலக்கம் என்று தனியே வகுத்திருந்தது. திருவிதாங்கூரில் தமிழ்க் கணக்குக்கும் மலையாளக் கணக்குக்கும் இந்த வரிசை பொதுவாக இருந்தது. மா, காணி, மாகாணி, அரைக்கால் ஆகியவை இரு மொழிகளிலும் ஒரே மதிப்பைக் குறித்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடும் உண்டு.

இவ்வரிசையின் அடித்தளம் முந்திரி, அதாவது 1/320. இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு முந்திரி காணி (1/80), எட்டு அரைமா, பதினாறு மா (1/20), இருபது மாகாணி (1/16), நாற்பது அரைக்கால், எண்பது கால். ஒன்றைப் பாதி பாதியாகக் குறைத்துச் செல்லும் கால், அரைக்கால், மாகாணி ஒரு கிளை. இருபதாகப் பகுக்கும் மா மற்றொரு கிளை. 320 இரண்டுக்கும் பொதுவாகப் பொருந்துவதால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒவ்வொரு முறையும் பொதுப் பகுதி தேட வேண்டியதில்லை. முக்காலும் அரைக்காலும் சேர்ந்தால் 240 + 40 = 280 முந்திரி, அதாவது 7/8. காலில் ஒரு மாவைக் கழித்தால் 80 - 16 = 64 முந்திரி; அது நாலுமா, அதாவது 1/5. மாவோடு காணி சேர்ந்தால் மாகாணி.

பள்ளியில் பிள்ளைகள் ஆசான் முன் மணலில் எழுதிப் பழகி, எண்சுவடியை ஓதி மனப்பாடம் செய்தார்கள். பெருக்கல் வாய்பாட்டைப் போலவே கீழ்வாய் வாய்பாடும் நாவில் ஏறிய பிறகு, விடை மனக்கணக்காகவே வந்தது. அடுத்த படியில் நெல், நிலம், பொன் கணக்குகள் வந்தன. காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ அவ்வகை நூல்.

மூன்றில் ஒன்றும் ஏழில் ஒன்றும் இவ்வரிசையில் மீதமின்றி அடங்கா. முந்திரியை மறுபடி 320 ஆகப் பகுத்த கீழ்முந்திரியிலும் (1/1,02,400) மீதம் நிற்கும். திருவிதாங்கூர் நாணயத்தில் இது நேரடியாகவே எதிர்ப்பட்டது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். கால் ரூபாய் 7 சக்கரம். மாகாணி ரூபாய் 1 சக்கரம் 12 காசு. இரண்டும் சேர்ந்து 8 சக்கரம் 12 காசு. ஒரு மா ரூபாயோ 22 காசுக்கு மேல் பின்னத்தில் போய் நிற்கும். ரூபாய், சக்கரம், காசு என்று தனித்தனியே எழுதிக் கூட்டியதால் இந்தச் சிக்கல் குறைந்தது.

எந்தப் பகுதிக்கும் பொருந்தும் பொது முறை கேரளத்துக்குப் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய ‘யுக்திபாஷா’ பின்னங்களின் பகுதியைச் சமமாக்கிக் கூட்டுவதை விளக்குகிறது. ஆயினும் அது வானியல் கற்றோரிடையே வழங்கிய நூல். சந்தைக்கும் வயலுக்கும் முந்திரிக் கணக்கே போதுமாயிருந்தது.

1834இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. 1866இல் அது கல்லூரியாக வளர்ந்தது. தொகுதியை மேலும் பகுதியைக் கீழும் எழுதி, மீச்சிறு பொது மடங்கு கண்டு கூட்டும் முறை இத்தகைய பள்ளிகள் வழியே பரவியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. 1957 ஏப்ரல் 1 அன்று பதின்ம நாணயமும், தொடர்ந்து மெட்ரிக் அளவுகளும் வந்ததால் எல்லையின் இருபுறமும் பழைய பின்னங்களுக்கு அன்றாட வேலை இல்லாமற் போயிற்று. பேச்சில் கால், அரை, முக்கால் மட்டும் நிலைத்தன. ஓலைகளைப் படியெடுப்போருக்காக மா, காணி வரிசையின் மலையாளக் குறியீடுகள் 2016இலும், தமிழ்ப் பின்னக் குறியீடுகள் 2019இலும் யூனிகோடில் இடம்பெற்றன.