குடும்ப மருத்துவர்: யாரை, எதற்காகப் பாராட்டுவது?

ஜூலை 1 வந்தால் டாக்டர்கள் தினம். மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த டாக்டர் பி.சி. ராய் 1882ல் பிறந்ததும் 1962ல் மறைந்ததும் அதே தேதியில்தான். 1991 முதல் நம் நாடு அந்த நாளை மருத்துவர்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது. முதலமைச்சராக இருந்த காலத்திலும் தினமும் கொஞ்ச நேரம் நோயாளிகளை இலவசமாகப் பார்த்து வந்தவர் அவர்.

அந்த நாளில் மேடை ஏறுபவர்கள் யார் என்று பார்த்தால், இதய அறுவை சிகிச்சை செய்தவர், சிறுநீரகம் மாற்றியவர், பெரிய மருத்துவமனை கட்டியவர் என்றுதான் இருக்கும். அவர்கள் தகுதியானவர்களே. ஆனால் அந்த இதயம் அறுவை சிகிச்சை வரை போகாமல் இருபது வருடம் பிரஷர் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, பீடியை விடச் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்த தெருமுனை டாக்டரை யாரும் அழைப்பதில்லை. நடந்த அறுவை சிகிச்சையைப் படம் எடுத்துப் போடலாம். வராமல் போன மாரடைப்பை எப்படிப் படம் எடுப்பது?

அவர்களுக்கென்றும் ஒரு நாள் இருக்கிறது. மே 19, உலகக் குடும்ப மருத்துவர் தினம். வோன்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகக் குடும்ப மருத்துவர்கள் அமைப்பு 2010ல் அறிவித்த நாள் அது. நம் ஊர்களில் அப்படி ஒரு நாள் வந்து போவதே பலருக்குத் தெரியாது.

குடும்ப மருத்துவர் என்றால் யார்? ஒரு நோய்க்கோ ஓர் உறுப்புக்கோ மட்டும் வைத்தியம் பார்க்காமல், வீட்டில் உள்ள எல்லோரையும் எல்லா வயதிலும் தொடர்ந்து பார்ப்பவர். அத்தாவின் சுகர் எத்தனை, பாட்டிக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, மருமகளுக்கு முதல் பிரசவத்தில் என்ன சிக்கல், சின்னவனுக்கு மூச்சிரைப்பு எந்த மாதத்தில் வரும் என்பதெல்லாம் ஃபைலைப் புரட்டாமலே அவருக்கு நினைவில் இருக்கும். இப்படித் தெரிந்து வைத்திருப்பதை வெறும் பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. அதுவே ஒரு மருந்து என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

நார்வே நாட்டில் ஏறத்தாழ 45 லட்சம் பேரின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2022ல் வெளியானது. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து போனவர்களையும், ஓராண்டு மட்டுமே போனவர்களையும் அதில் ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் ஒரே டாக்டரிடம் இருந்தவர்களுக்கு, திடீரென்று மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை 28 சதவீதமும், இறப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தது. வசதிக்கோ மருந்துக்கோ பஞ்சமில்லாத நாட்டிலேயே, தெரிந்த டாக்டர் என்பதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

இன்னோர் உதாரணமும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் க்ளின்கோரக் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். அங்கே ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1961 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றினார். காய்ச்சலுக்கு வந்தாலும் காயத்துக்கு வந்தாலும் ஒவ்வொருவருக்கும் பிரஷர் பார்த்து எழுதி வைத்தார். வராதவர்களையும் தேடிப் பிடித்துப் பார்த்தார். 25 ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, 65 வயதுக்குள் இறப்பவர்களின் விகிதம் பக்கத்துக் கிராமத்தைவிட அங்கே கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவாக இருந்தது. புதிய கருவி எதுவும் அவர் கண்டுபிடிக்கவில்லை. பிரஷர் கருவியும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.

அதே ஹார்ட் 1971ல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் மருத்துவ உலகில் பேசப்படுகிறது. நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். அதே 1971ல் சென்னையில் ஓர் இளம் டாக்டர் 2 ரூபாய் கட்டணத்தில் கிளினிக் திறந்தார். நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ஜெயச்சந்திரன்தான் அவர். பழைய வண்ணாரப்பேட்டையில் மீனவர்களும் மூட்டை தூக்குபவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். கட்டணம் பின்னாளில் 5 ரூபாய் ஆனது. "அஞ்சு ரூபாய் டாக்டர்" என்பதே அவர் பெயராகிவிட்டது. 2018 டிசம்பரில் 71 வயதில் அவர் இறந்தபோது வடசென்னையே திரண்டு வந்தது.

அவர் ஒருவர் மட்டுமல்ல. ஸ்டான்லியில் படித்த டாக்டர் திருவேங்கடம் 1973ல் 2 ரூபாயில் தொடங்கி, வியாசர்பாடி மக்களுக்கு 5 ரூபாயில் கடைசி வரை வைத்தியம் பார்த்தார். 2020 ஆகஸ்ட் 15 அன்று மறைந்தார். கோவையில் "இருபது ரூபாய் டாக்டர்" என்று அறியப்பட்ட பாலசுப்பிரமணியம் 2016 நவம்பரில் இறந்தபோது, இறுதி மரியாதைக்குக் கூடியவர்கள் ஆயிரக்கணக்கில். இவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன, கண்ணீர் விடப்பட்டது. பெரும்பாலும் எல்லாம் ஜனாஸாவுக்குப் பிறகு செய்யும் புகழ்ச்சி போலத்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறந்த மருத்துவர் என்று கொண்டாட முடியாது. நம் பக்கத்தில் டாக்டர் என்றால் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று அடுத்த கிளினிக்குப் போய்விடுகிறோம். சளிக் காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக், மூட்டு வலிக்கு அடிக்கடி ஸ்டீராய்டு என்று கொடுப்பவரிடம் கூட்டம் அலைமோதும். மறுநாளே எழுந்து நடந்துவிடலாம் அல்லவா? சில வருடம் கழித்து எலும்பு தேய்ந்து, சுகர் ஏறி நிற்கும்போது அந்த 50 ரூபாய் வைத்தியத்தின் உண்மையான விலை தெரியும். படிப்பே இல்லாமல் போர்டு மாட்டிக்கொண்டவர்களும் நம் கிராமங்களில் உண்டு. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், கஞ்சி குடித்து மூன்று நாள் ஓய்வெடுங்கள் என்று சொல்லி, நம் முகச்சுளிப்பையும் தாங்கிக்கொள்கிற டாக்டர்தான் நமக்கு உண்மையாக இருப்பவர்.

நம் குடும்பங்களுக்கென்று தனியாகச் சில தேவைகளும் உண்டு. ரமளானை எடுத்துக்கொள்வோம். சுகர் உள்ளவர் நோன்பு வைக்கலாமா கூடாதா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்கும் இன்சுலின் போடுபவருக்கும் அஸர் நேரத்தில் சுகர் திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. எந்த மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றுவது, சஹருக்கு எவ்வளவு குறைப்பது, யார் நோன்பைத் தவிர்ப்பது நல்லது என்பதை முடிவு செய்ய, ரமளானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே டாக்டரைப் பார்க்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். முன்பின் தெரியாத நிபுணர் பாதுகாப்புக்காக "நோன்பே வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடும். நம் பெரியவர்களோ அதைக் கேட்காமல் யாரிடமும் சொல்லாமலே நோன்பு வைத்துவிடுவார்கள். அவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது, போன வருடம் நோன்பில் என்ன ஆனது என்று தெரிந்த குடும்ப டாக்டர்தான் அந்த இடத்தில் பயன்படுவார்.

பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் நிலைமை இன்னும் கூர்மையானது. வீட்டில் வயதான தாயும் தகப்பனும் மட்டும். துபாயிலிருந்து மகன் போன் செய்து "அம்மாவுக்கு எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். பெண்கள் தயக்கமில்லாமல் பேச ஒரு பெண் டாக்டர் பக்கத்தில் இருந்தால், மார்பில் கட்டி, மாதவிடாய்க் கோளாறு போன்றவை முற்றிப்போன பிறகு தெரிய வருவது குறையும்.

இனி நம் உத்திரமேரூருக்கு வருவோம். ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, சுற்றுக் கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதற்கு மேல் என்றால் காஞ்சிபுரம், இல்லாவிட்டால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், இது வாயுவா மாரடைப்பா, விடியும் வரை பொறுக்கலாமா, இப்போதே வண்டி பிடிக்க வேண்டுமா என்று சொல்ல ஊரிலேயே ஒருவர் இருப்பதும் இல்லாததும் உயிர்ப் பிரச்சினை.

அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இங்கேயும் பக்கத்து ஊர்களிலும் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மருத்துவம் படித்தாலும் நிபுணராகி நகரத்தில் தங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவரை "வெறும் எம்.பி.பி.எஸ்." என்று சொல்வது யார்? பெண் பார்க்கப் போகும் இடத்திலேயே "மேற்கொண்டு என்ன படிக்கிறார்?" என்று கேட்கிறோமே! குடும்ப மருத்துவம் என்பதே தனி மேற்படிப்பு என்பதும், வேலூர் சி.எம்.சி. பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு அதைத் தொலைநிலைக் கல்வியாகவே நடத்தி வருகிறது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாராட்டு விழாவின் அவசியம் இங்கேதான் வருகிறது. பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுப்பதற்காக அல்ல. மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூ மாணவனும் மாணவியும் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

யாரைத் தேர்ந்தெடுப்பது? இந்த விஷயத்தில் உத்திரமேரூருக்கு வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் இந்த ஊரில்தான் இருக்கின்றன. 30 குடும்புகளிலிருந்து வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது யார் தகுதியுள்ளவர், யார் தகுதியற்றவர் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. செல்வாக்கையும் நன்கொடையையும் பார்த்து விருது கொடுக்கும் இன்றைய வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு கல்வெட்டும் உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது 11ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்ற ஆதுலர் சாலையைப் பற்றி அது பேசுகிறது. அங்கே பணியாற்றிய மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன் என்று பெயரையும் சொல்லி, அவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதையும் சொல்கிறது. அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆகியோருக்கான பங்கும் அதில் இருக்கிறது. மருத்துவரைக் கௌரவிப்பதென்றால் அவர் பிழைப்புக்கும் வழி செய்ய வேண்டும் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள். உடன் உழைப்பவர்களையும் மறக்கவில்லை. டாக்டருக்கு மாலை போடும் நாம் முப்பது வருடம் அவரோடு நின்ற கம்பவுண்டரையும் நர்ஸம்மாவையும் மறந்துவிடுகிறோம்.

நம் ஜமாஅத்துகளும் பள்ளிக்கூடங்களும் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் கடினமானவை அல்ல. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா? ஒரே ஊரில் எத்தனை வருடமாக இருக்கிறார்? சீட்டில் மருந்துப் பெயரைப் படிக்கும்படி எழுதுகிறாரா? தன்னால் முடியாததைத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறாரா, அனுப்பிய இடத்திலும் லேபிலும் கமிஷன் வாங்காதவரா? காசில்லாதவரைத் திருப்பி அனுப்பியதுண்டா? இதற்கெல்லாம் பதில் அவருடைய கிளினிக்கில் காத்திருக்கும் பெண்களிடம் இருக்கிறது. தேர்வுக் குழுவில் அவர்களில் இரண்டு பேராவது இருக்கட்டும். மதம், சமுதாயம் பார்க்கத் தேவையில்லை. நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்கள் பார்க்கவில்லை.

விருதோடு வேறு சிலவும் செய்யலாம். பள்ளிவாசல் கட்டடத்தில் ஓர் அறையை வாரம் ஒரு நாள் பிரஷர், சுகர் பரிசோதனைக்கு ஒதுக்கலாம். ஊருக்குத் திரும்பி வந்து கிளினிக் வைக்கும் இளம் டாக்டருக்கு, குறிப்பாகப் பெண் டாக்டருக்கு, முதல் இரண்டு வருட வாடகையை ஜமாஅத் ஏற்கலாம். 1958ல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி சென்னையில் தொடங்கிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ், குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்ற ஆண்டுச் சந்தா என்ற முறையில் வைத்தியம் கொடுத்துக் காட்டியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் சிறு சுகாதார மையங்களையும் நடத்தியது. நூறு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு மஹல்லாவும் அதைச் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நம் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த மே 19க்கு முன், உத்திரமேரூரிலும் சுற்று வட்டாரத்திலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் வைத்தியம் பார்த்து வரும் மருத்துவர்களின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். எழுபதைத் தாண்டியவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள். விழாவை மாலையில் வைத்தால் அவர்களால் வர முடியாது. அந்த நேரத்தில் கிளினிக்கில் கூட்டம் இருக்கும்.